ரெண்டு விரல் இல்லாத பட்டாளம்

ஐவி முதல்ல கவனிச்சது விரலைத்தான். மீன்குழம்புச் சட்டியை வைக்க மேசையில இடம் தேடி, அவளின்ர மனுசன் றொபேட் காயவிட்டிருந்த ஈயப் பொம்மையளில ஒண்டைத் தூக்கினவள். சுண்டுவிரல் உயரத்தில ஒரு எலும்புக்கூடு, கையில வேல். யன்னல் வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தாள். வேலைப் பிடிச்ச வலக்கையில மூண்டு விரல்தான் இருந்திச்சு. பக்கத்தில நிண்ட கொம்புப் பூதத்துக்கும் மூண்டுதான். அதுக்குப் பின்னால நிண்டதுக்கும்.

"இஞ்சருங்கோ, இதுகளுக்கு விரல் குறையுது."

"அச்சுப் பிழையா இருக்கும்." றொபேட் பெயின்ற் அடிக்கிற பிரஷ் நுனியை நக்கிக் கூராக்கினான். "பூதத்துக்கு எத்தினை விரலெண்டு உமக்கு ஆர் சொன்னது? நீர் போய் எண்ணினனீரோ?"

கப்பல்ல இருக்கேக்க இங்கிலாந்துக்காரப் பெடியள் மேசையில மலையும் ஆறும் செஞ்சு, ஈயப் பூதப் பட்டாளங்களை நிறுத்தி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை பிடிக்கிறதைப் பாத்து அவனுக்கும் கூட வேலை செஞ்ச கிண்ணியா ஊர் அஸீமுக்கும் பிடிச்ச பைத்தியம் அது. கப்பல் வேலை போய், ரெண்டு பேரும் ஆளுக்கொரு பெட்டிப் பொம்மையோட திருகோணமலைக்குத் திரும்பி வந்தவை. றொபேட் அதுக்குப் பிறகு துறைமுகத்துப் பக்கம் வேலை கேட்டுக்கூடப் போகேல்லை. பெட்டியில வந்தது காணாதெண்டு சாந்தில அச்செடுத்து, ஈயம் உருக்கி வீட்டிலயே வார்க்கத் தொடங்கியிருந்தான். வீடு முழுக்க பெயின்ற் கரைக்கிற டேர்பன்டைன் மணம். சோத்திலயும் அதுதான்.

ஐவி பெட்டியில வந்த பழைய பொம்மை ஒண்டை எடுத்துப் பாத்தாள். அதுக்கு அஞ்சு விரலும் இருந்திச்சு.

"ஈயம் எங்கால எடுத்தனீங்கள்?"

அவன்ர கண் ஒருக்கா வீட்டுப் பின்பக்கம் போய்த் திரும்பிச்சு.

அவள் பின்பத்தித் தாழ்வாரத்துக்கு ஓடினாள். ஆணியில அப்பான்ர வீச்சுவலை தொங்கிச்சு. தூக்கினாள். சேலைத்துணி மாதிரிப் பாரமில்லாமல் வந்துது. விளிம்பைச் சுத்தி இருந்த ஈயக்குண்டு ஒண்டையும் காணேல்லை. எல்லாம் வெட்டின நூல்.

அவளின்ர அப்பா சந்தியாப்பிள்ளைக்கு வலக்கையில ரெண்டு விரல் இல்லை. இளந்தாரி வயசில மீனுக்கு எறிஞ்ச டைனமைற் கொண்டுபோனது. சூறாவளி வருசம் தூண்டில் போடப் போன மனுசன் திரும்பேல்லை, வலை மட்டும் வீட்டில நிண்டிட்டுது. கடல் கொண்டவன் கரைசேருமட்டும் அவன்ர வலையில கத்தி படக்கூடாதெண்டு அந்தக் கரையில எல்லாருக்கும் தெரியும். "வலை முழுசாக் கிடக்கட்டும் பிள்ளை, அப்பதான் அவர் முழுசா வருவார்" எண்டு சொல்லிப்போட்டுத்தான் அம்மா செத்தவ. சேமக்காலையில அம்மான்ர குழிக்குப் பக்கத்தில ஒரு ஆள் கிடக்கிற அளவு மண் இன்னும் வெறுமனேதான் கிடக்குது. அதை நிரப்பிப்போடவேணும். ஐவிக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

"ஏன் வெட்டினீங்கள்?"

"பழைய ஈயம்தானே. மூண்டு வருசமா வராத மனுசன் இனி வலை கேட்டு வரப்போறாரோ?" எண்டு சிரிச்சான் றொபேட். "வந்தாச் சொல்லும், பட்டாளத்தில சேப்பம்."

அந்த நாளில இருந்து அவள் அவனோட கதைக்கேல்லை.

மாரிமழை இறங்கிச்சு. பொம்மையளின்ர பெயின்ற் காயவே இல்லை, தொட்டால் விரலில பிசுபிசுத்துது. விடிய எழும்பிப் பாத்தால் அதுகளின்ர காலடியில ஈரம், ஈரத்தைச் சுத்தி வெள்ளையா உப்பு. டேர்பன்டைன் மணத்துக்கு அடியில வேறயொரு மணம், கடல் வத்தேக்க சேத்துக்குள்ள இருந்து வாற மணம். றொபேட் முன்வாசலைப் பாக்க நிறுத்திவிட்ட வரிசை எல்லாம் குசினிப் பின்கதவைப் பாத்து, கடல் பக்கமாத் திரும்பி நிக்கும்.

"உமக்கு விளையாட்டா இருக்கோ?" எண்டு அவன் அவளை ஏசினான். அவள் அதுகளைத் தொடேல்லை. சொன்னாலும் நம்பமாட்டான். 

ஞாயிற்றுக்கிழமை அஸீமோட பொம்மைச் சண்டை. பின்னேரம் அவனைக் கூட்டிவர றொபேட் கிண்ணியாப் படகு வாற துறையடிக்குப் போனான். அவன் தலை மறைஞ்சதும் ஐவி வீட்டில வார்த்த பொம்மையள் எல்லாத்தையும் அள்ளி ஒரு பிளாஸ்ரிக் பேசினுக்குள்ள போட்டாள். வலையைக் கொண்டந்து குசினி நிலத்தில விரிச்சாள். உருக்கிக் குண்டாக்க அவளுக்குத் தெரியாது. பொம்மையாவே விளிம்பில கட்டிவிட்டால் பாரமாவது திரும்பி வரும், அப்பாக்கு அது காணும் எண்டு நினைச்சாள்.

நூல் எடுக்க அறைக்குப் போனாள்.

மழை இருட்டு. கறண்டும் நிண்டிட்டுது. அலுமாரியைத் தடவிக்கொண்டு நிக்கேக்கதான் கேட்டுது. நனைஞ்ச கயிறு சீமெந்தில உரசுற சத்தம். கொஞ்சம் இழுபடும். நிக்கும். திரும்ப இழுபடும். சின்ன வயசில கடற்கரையில வலை இழுக்கேக்க நிண்டு கேட்ட அதே தாளம்.

"இஞ்சருங்கோ, நீங்களோ?"



குசினி வாசலுக்கு வந்தாள். பேசின் வெறுமன். வலையைக் காணேல்லை. பின்கதவு திறந்து கிடந்துது. வலையின்ர கைக்கயிறு மட்டும் நிலத்துக்கு மேலால விறைச்சு, கதவால வெளியில போய், மழைக்குள்ள, கடல் பக்கமாப் போச்சுது.

கயிறுக்கு ரெண்டு பக்கமும் அதுகள். ரெண்டு வரிசையா. எலும்புக்கூடும் பூதமும். வேலுகளைக் கீழ போட்டிட்டு, மூண்டு விரலால கயிறைப் பிடிச்சு, பின்னுக்குச் சாஞ்சு.

இழுத்துது. நிண்டுது. இழுத்துது.

அவள் அசையேல்லை. அசைய ஏலாது. பயத்துக்குள்ளயும் ஒரு நினைப்பு. அப்பா வாறார்.

"யேசுவே, முழுசா."

மழைக்குள்ள என்னவோ மணலில இழுபட்டுது. படியில தட்டிச்சு. நிலைப்படிக்கு மேலால ஈரவலை வந்துது. அதுக்குள்ள இருந்து கை ஒண்டு நீண்டு, கதவு நிலையைப் பிடிச்சுது. ஈய நிறம். ரெண்டு விரல் இல்லை. நகக்கண்ணில சிப்பி.

"அப்பா!"

கை நிலையை விட்டுது. உள்ளுக்கு ஊர்ந்து வந்துது.

கை மட்டும்தான். முழங்கைக்கு அங்கால ஒண்டும் இல்லை. வெட்டின இடம் நூல்நூலாத் தொங்கிச்சு.

முன்வாசலில செருப்புச் சத்தம். "வாடா அஸீம், வந்து தோத்துப்போட்டுப் போ," எண்டு றொபேட்டின்ர சிரிப்பு. "ஐவி, தேத்தண்ணி போடும்!"

அந்தக் கை அவளின்ர காலடியில வந்து நிண்டுது. மல்லாந்து, உள்ளங்கையை விரிச்சுது. கரைக்கு வந்தவுடன அப்பா அப்பிடித்தான் தேத்தண்ணிக்குக் கை நீட்டுறவர்.

மிச்ச வலை இன்னும் மழைக்குள்ளதான், அதுகள் கயிறை விடேல்லை. இன்னும் இழுத்துக்கொண்டு நிண்டுதுகள்.