வலித்தால் இடது கையைத் தூக்கவும்

“பிடுங்கிடுங்க டாக்டர்.”

“எதை?”

“பல்லைத்தான். வேற எதைப் பிடுங்கறதுக்கு இங்க வருவாங்க?”

பல் டாக்டர் விளக்கை இழுத்து அவள் முகத்துக்கு மேலே நிறுத்தினார். முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன... காலையிலிருந்து ஊரார் வாய்க்குள்ளேயே குடியிருந்து சிவந்துபோன கண்கள். அந்தக் களைப்புக்கு நடுவிலும் ஏதோ ஒரு கனிவு, யாரோ அணைக்க மறந்துபோன விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

சே... பல்வலியில் உயிர் போகிறது, இதில் கண்ணைப் பற்றி என்ன யோசனை?

அவள் இங்கே வரவேண்டும் என்று வந்தவளே இல்லை. வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றாள். மழை. பஸ் வரவில்லை, வலிதான் வந்தது. எதிரே மாடியில் பல் படம் போட்ட போர்டு ஒன்று எரிந்தது. நனைந்துகொண்டே ஏறி வந்துவிட்டாள்.

“இது பிடுங்கற பல் இல்ல,” என்றார் டாக்டர். “மேல ஒரு விரிசல், அவ்வளவுதான். வேர் கெட்டியா இருக்கு. ரூட் கெனால் பண்ணி கேப் போட்டா உங்க கூடவே கிழவியாகும்.”

“அதுக்கு நாலு தடவை நடக்கணும். எனக்கு நேரமில்ல. எங்கப்பாவுக்கு எல்லாப் பல்லையும் வரிசையாப் பிடுங்கினாங்க, ஒரு பேச்சு பேசல.”

“அது அந்தக் காலம். இப்போ பிடுங்கறதுதான் கடைசி வழி. இன்னிக்கே வேரைச் சுத்தம் பண்ணி அடைச்சிடறேன். இன்னொரு நாள் வந்து கேப் போட்டுக்கிட்டா முடிஞ்சது.”

“டாக்டர், இது என் பல்லு.”

“இது என் கை. பிடுங்காது.”

பக்கத்தில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்த உதவியாளர் அக்கா, தட்டைப் பார்த்தபடியே சொன்னார். “இவ்வளவு பேசற வாய்ல எந்தப் பல்லு வலிக்குதுன்னே தெரியலையே.”

சண்டை போடக்கூடத் தெம்பில்லை. அவள் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஊசி குத்தியது. உதடு தடித்து, யாருடையதோ போல ஆனது. வாயைத் திறந்தே வைத்திருக்க ஒரு ரப்பர் கட்டையைப் பல்லுக்கிடையே செருகினார்.

“இனிமே உங்களால பேச முடியாது. வலிச்சா இடது கையைத் தூக்குங்க. அந்த நிமிஷமே நிறுத்திடுவேன்.”

வலித்தால் நிறுத்திவிடுவேன்... அவளிடம் யார் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள்? பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் அவள். நாளெல்லாம் மற்றவர்களின் தோளையும் முட்டியையும் தூக்கிப் பிடிக்கிற வேலை. வீட்டுக்குப் போனால் பக்கவாதம் வந்து ஒரு கை சோர்ந்துபோன அப்பா. குளிக்க வைத்து, சட்டை மாட்டி, ஊட்டி விட்டு... எந்த இடத்தில் கையைத் தூக்கினால் எது நிற்கும்?

ஜன்னலில் மழை தட்டிக்கொண்டிருந்தது. நாற்காலி சாய்ந்திருந்தது. வெகுநாளுக்குப் பிறகு ஒருவர் அவளைப் படுக்கச் சொல்லியிருந்தார். அவள் கண்ணை மூடினாள்...

விழித்தபோது மேலே விளக்கு அணைந்திருந்தது. அக்காவின் சால்வை அவள் காலைப் போர்த்தியிருந்தது.

“ஆரம்பிக்கட்டுமா?” என்றாள் குழறியபடி.

“எல்லாம் முடிஞ்சாச்சும்மா,” என்றார் அக்கா. “எழுப்பப் போனேன், அவர் விடலை. அடுத்த ஆளைப் பக்கத்து ரூம் நாற்காலில பார்த்துக்கிட்டிருக்காரு.”

கையைத் துடைத்துக்கொண்டு வந்தார் டாக்டர். “இந்த நாற்காலில தூங்கின முதல் ஆள் நீங்கதான். மத்தவங்க கைப்பிடியைப் பேர்த்து எடுத்துடுவாங்க.”

“சாரி டாக்டர்...”

“சாரி எல்லாம் வேணாம். கட்டையை எடுத்ததும் தூக்கத்துலயே பல்லை நறநறன்னு கடிச்சீங்க. விரிசல் அதனாலதான். யார் மேல அவ்வளவு கோபம்?”

கோபமா? யோசித்துப் பார்த்தாள். கோபப்படவும் கொஞ்சம் சக்தி வேண்டுமே.

“கோபமில்ல. களைப்பு.”

அவர் மெல்லத் தலையாட்டினார். ஆட்டும்போதே முகமூடிக்கு மேலே கண்கள் வலியில் சுருங்கின. அதை அவள் பார்த்துவிட்டாள். பார்க்கிறதுதானே அவள் வேலை.

“உங்க கழுத்து ஒரு பக்கமாச் சாயுது. இடது கைவிரல் மரத்துப் போகுதா?”

அவர் இடது கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். “எப்பவாச்சும்... ஒரு வாரம் கழுத்துப் பட்டை போட்டு ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்.”

“அது அந்தக் காலம்,” என்றாள் அவள், மரத்த உதட்டோடு.

அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

மறுவாரம், அவள் வரச் சொல்லியிருந்தபடி அவர் அவளுடைய ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கழுத்தில் பெரிய வெள்ளைப் பட்டை. மருந்துக் கடையில் வாங்கியிருக்கிறார். அவள் அதைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டாள்.

“வலிக்குதே மேடம்.”

“ஆட்டாம வெச்சா இறுகும். இறுகினா இன்னும் வலிக்கும். மெதுவா அசைக்கணும், தினமும் அசைக்கணும். குப்புறப் படுங்க.”

முகம் பதிய ஓட்டை வைத்த கட்டில் அது. குப்புறப் படுத்தால் தரைதான் தெரியும். “உங்க செருப்பு மட்டும் தெரியுது,” என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

“எனக்கு உங்க கண்ணு மட்டும்தானே தெரிஞ்சது. சரியாப் போச்சு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நல்லவேளை, அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவும் அதே கூடத்தில்தான் இருந்தார். பயிற்சி நாளில் அவரையும் கூட்டி வந்துவிடுவாள். அவருடைய நல்ல கையைத் தடித்த உறைக்குள் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். சோர்ந்த கையால் மரக்கட்டைகளை ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்கு மாற்ற வேண்டும்.

“இது என்ன சிகிச்சை ஐயா?” என்று கேட்டார் பல் டாக்டர், எழுந்து உட்கார்ந்து.

“சிகிச்சையா? தண்டனை. நல்ல கை சும்மா இருந்தாத்தான் கெட்ட கைக்கு ரோஷம் வருமாம். நீங்க யாரு?”

“பல் டாக்டர்.”

“ஓ... என் பல்லெல்லாம் பிடுங்கிப் போட்டது உங்க ஆளுங்கதானே.”

“எனக்குச் சம்பந்தமில்ல ஐயா. நான் பிடுங்க மாட்டேன்னு சொல்லித்தான் உங்க பொண்ணுகிட்டத் திட்டு வாங்கினேன்.”

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். கையிலிருந்த கட்டை நழுவி உருண்டது. பல் டாக்டர் குனிந்தார். எடுத்துக் கொடுக்கவில்லை, அப்பாவுக்கு எட்டுகிற தூரத்துக்கு நகர்த்தி வைத்தார்.

அவள் அதைக் கவனித்தாள். கவனிக்காத மாதிரித் திரும்பிக்கொண்டாள்.

கேப் போடுகிற நாள் வந்தது. அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை தூங்கவில்லை. தலைக்கு மேலே அந்தக் கண்கள்... பேசாமல் வேலை செய்கிற கண்கள். கடித்துப் பார்க்கச் சொன்னார். கடித்தாள். சரியாக இருந்தது.

அவர் கையுறையைக் கழற்றினார். முகமூடியையும் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டார். அக்காவைப் பார்த்தார். அக்கா காரணமே இல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“உங்க பல் வேலை முடிஞ்சது. இனிமே நீங்க என் பேஷன்ட் இல்ல. அதனால கேக்கலாம்னு நினைக்கிறேன்...” தொண்டையைச் செருமிக்கொண்டார். “எனக்கு வீட்ல யாருமில்ல. நாள் பூரா திறந்த வாயைப் பார்க்கறேன், ஆனா ஒருத்தரும் என்கூடப் பேசறதில்ல. நீங்க பேசறீங்க. திட்டறீங்க... அது நல்லா இருக்கு. கல்யாணம் பண்ணிக்கலாமா?”

அவள் நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடியது. அப்புறம் பழையது எல்லாம் ஞாபகம் வந்தது. நிச்சயம் வரை போன சம்பந்தம். அப்பா விழுந்த மாதமே, “அவரை எங்கயாவது நல்ல இடமாப் பார்த்துச் சேர்த்துடலாமே” என்று இனிமையாகச் சொன்ன மாப்பிள்ளை.

“வேணாம் டாக்டர். அப்பாவுக்கு ஒரு பட்டன் போடக்கூட நான் வேணும்.”

“அவரை விட்டுட்டு வாங்கன்னு நான் சொல்லலையே.”

“முதல்ல யாரும் சொல்ல மாட்டாங்க.”

சொல்லிவிட்டாள். அந்தக் கண்களில் ஏதோ அணைந்தது. அவர் வற்புறுத்தவில்லை. “சரி” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு ‘சரி’யைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

அதற்கப்புறம் அவர் கழுத்து வைத்தியத்துக்கு வரவில்லை. பயிற்சி நாளெல்லாம் அந்தக் கட்டிலில் வேறு யாரோ படுத்தார்கள். டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அந்த வெள்ளைப் பட்டை கண்ணில் பட்டது. இரவில் பல்லைக் கடிக்காமலிருக்க அவர் கொடுத்திருந்த கவசத்தைப் போட்டுக்கொண்டு படுத்தாள். தூக்கம்தான் வரவில்லை.

ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு வந்தால், அப்பா சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டன் ஒரு படி தள்ளி மாட்டியிருந்தது. ஒரு பக்கம் காலர் காதைத் தொட்டது. நல்ல கையில் உறை.

“யாருப்பா போட்டு விட்டது?”

“பிசாசு. நான்தான் போட்டேன். உறையைப் பல்லால... ஈறால இழுத்து மாட்டிக்கிட்டேன்.”

“கோணலா இருக்கு. இருங்க, நான்...”

“தொடாதே.” அப்பா கையை விலக்கிக்கொண்டார். “அன்னிக்கு அந்தப் பல்லுக்காரன்கிட்ட என்ன சொன்ன? பட்டன் போட நான் வேணும்னியா?”

அவள் திடுக்கிட்டாள். “உங்களுக்கு எப்படி...”

“பக்கவாதம் கைக்குத்தான் வந்தது. காதுக்கில்ல.” அப்பா மூச்சு வாங்கினார். ஒரு சட்டை போட்டதற்கே அவருக்கு வேர்த்திருந்தது. “பாப்பா... என்னோட நல்ல கை நீதான். நீ இருக்கிறவரைக்கும் நான் எதையும் தூக்க மாட்டேன். உன்னைத்தான் முதல்ல உறைக்குள்ள போட்டுக் கட்டணும். போ, வேலைக்குப் போ.”

“விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?”

“எங்க போகப் போற? அவனையும் கூட்டிக்கிட்டு இங்கதானே வருவ. எனக்கும் பேச்சுக்கு ஆள் வேணாமா? உன்கிட்டப் பேசினா நீ பாதியில தூங்கிடற.”

சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது. கோணல் சட்டையைத் தொடாமலே வேலைக்குக் கிளம்பினாள்.

மதியம் அவளே போன் செய்தாள்.

“டாக்டர், உங்க கழுத்து பாதியில நிக்குது. இன்னிக்கு வாங்க. கடைசித் தடவை.”

“வரேன்,” என்றது மறுமுனைக் குரல்.

அவர் வந்தபோது வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. கூடம் காலியாக இருந்தது. வந்ததும் குப்புறப் படுத்தார். தோள் கல்லாக இறுகியிருந்தது. பயிற்சி செய்யவே இல்லை போலிருக்கிறது. அவள் மெல்ல அழுத்தினாள். இரண்டு களைத்த மனிதர்கள், நடுவில் மழைச் சத்தம்.

முடித்துவிட்டுக் கையை எடுத்தாள்.

“இங்க உங்க வைத்தியம் முடிஞ்சது. அடுத்த வாரத்துலேருந்து உங்களை இன்னொருத்தங்க பார்ப்பாங்க. பேசிட்டேன். இனிமே நீங்க என் பேஷன்ட் இல்ல.”

அவர் கையூன்றி எழப்போனார்.

“எழுந்திருக்காதீங்க. முகத்தைப் பார்த்தா எனக்குச் சொல்ல வராது. செருப்பையே பாருங்க.” அவள் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். “அன்னிக்கு நான் சொன்னது உங்களுக்கான பதில் இல்ல. வேற ஒருத்தருக்குச் சொல்ல வேண்டியதை உங்ககிட்டச் சொல்லிட்டேன். எங்க வீட்ல அப்பா இருப்பாரு. எப்பவும் இருப்பாரு. நான் ராத்திரி பல்லைக் கடிப்பேன். பேசிட்டிருக்கும்போதே தூங்கிடுவேன். இவ்வளவுக்கும் அப்புறம்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அன்னிக்கு நீங்க கேட்டதை நான் இன்னிக்குக் கேக்கறேன். வேணாம்னா இடது கையைத் தூக்குங்க. அந்த நிமிஷமே நிறுத்திடறேன்.”

காத்திருந்தாள்.

கை தூக்கப்படவில்லை. ஆனால் வேறு அசைவும் இல்லை. மூச்சு மட்டும் ஒரே சீராக ஏறி இறங்கியது. மழை தட்டியது... இன்னும் தட்டியது...

அவளுக்குத் திக்கென்றது. “டாக்டர்? தூங்கிட்டீங்களா?”

“இல்ல,” என்றது கீழேயிருந்து அந்தக் குரல். கொஞ்சம் கரகரத்தது.

“அப்போ ஏன் அசையாம இருக்கீங்க?”

“கீழ குனிஞ்சு பாருங்க.”

குனிந்தாள். கட்டிலுக்கு அடியில், அவருடைய வலது கை இடது கையின் மணிக்கட்டைக் கெட்டியாக, விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டிருந்தது.

“மரத்துப் போற கை,” என்றார் அவர். “தெரியாத்தனமாக் கூடத் தூக்கிடக் கூடாது பாருங்க.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஓட்டைக்கு மேலே அதே கண்கள்... சிவந்து, நனைந்து, அணையாமல்.

“பிடியை விடுங்க,” என்றாள், தன் கையை நீட்டி. “இனிமே நான் பிடிச்சுக்கறேன்.”