எதிர்மலை ஹோன்

வளைவுக்கு முன்னால் யோகேஸ்வரன் ஹோனை அமுக்கினான். வேனிலிருந்து சத்தமே வரவில்லை. ஆனால் எதிரொலி மட்டும் வந்தது.

பள்ளத்துக்கு அப்பால், பனிமூட்டத்தில் மறைந்துகிடந்த எதிர்மலையிலிருந்து, போன மாதம் ஹட்டனில் வாங்கிப் பூட்டிய அவனுடைய ஹோன் அதே கட்டைத் தொண்டையோடு கேட்டது. பக்கத்து சீட்டில் அவன் மகள் லோஜினி போர்வைக்குள் சுருண்டு, விசில் கலந்த மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வயது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் மாஸ்க்கைப் போட்டு மூச்சைச் சீராக்கிவிடுவார்கள். சேராவிட்டால் என்ற நினைப்பையே அவன் வரவிடவில்லை.

மூட்டம் இறங்கிவிட்டால், டயகமப் பாதையில் ஹோன் அடித்து, பதில் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வளைவில் திரும்புவார்கள். அடிக்காமல் திரும்பிய லொறி ஒன்றின் கண்ணாடிச் சில்லுகள் கீழே தேயிலைக்குள் இன்னும் கிடக்கின்றன. ஊமை வண்டியில் பிள்ளையை வைத்துக்கொண்டு அவன் எப்படித் திரும்புவான்?

ஈர மண்ணும் கொழுந்தின் பச்சை வாசமும் சூடான எஞ்சின் எண்ணெயும் ஒன்றாக மூக்கில் ஏற, பியூஸைக் கழற்றிப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. மாட்டிவிட்டு முன்பக்கம் போய்க் குனிந்து, ஹோனில் காதை வைத்தான்.

"பாப்பா, ஸ்டியரிங் நடுவுல அமுக்கும்மா."

அவள் எக்கி அமுக்கினாள். உள்ளே ரிலே 'டிக்' என்றது. கரண்ட் வருகிறது, பழுது ஹோனில்தான். ஹோன் செத்தது போலக் கிடந்தது. அதன் சத்தம் மட்டும் வளைவுக்குள்ளிருந்து கேட்டது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டான். வேறு வண்டியாக இருக்கும். காத்திருந்தான். வண்டி வரவில்லை. வெளிச்சமும் வரவில்லை.

பேட்டரியில் நேரே கொடுத்துப் பார்க்கலாம் என்று ஹோனின் வயர்களைப் பிடுங்கினான். நட்டைக் கழற்றி ஹோனைக் கையில் எடுத்தான். பனியில் சில்லிட்ட இரும்பு.

மறுபடி கேட்டது. வேனுக்குப் பின்னால்.

"அமுக்காதம்மா."

"நான் அமுக்கலப்பா."

மறுபடி. இந்தத் தடவை வேனுக்குள்.

பிறகு அமைதி. அந்த அமைதியில்தான் கவனித்தான். பிள்ளையின் மூச்சிழுப்பு கேட்கவில்லை.

இல்லை. கேட்டது.

அவன் கைக்குள். வயர் இல்லாத ஹோனுக்குள். மெல்லிய விசில். இழுத்து. விட்டு. இழுத்து.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். லோஜினி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு அசையவில்லை. அவனைப் பார்த்தாள். அப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

ஹோன் அடித்தது. அவள் வாய் மூடும்வரை அடித்தது.

அவன் கையிலிருந்த இரும்பு இன்னொரு முறை மூச்சை இழுத்தது. விடவில்லை.