அசையாத மூக்கு

செல்லாயியின் மூக்கு அசையவில்லை.

காப்பார் ஊரில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து முயலை அழைத்து வந்த அன்று மாலையே உஷாராணி அதைக் கவனித்தாள். விழித்திருக்கும் முயலின் மூக்கு சும்மா இருக்காது, துடித்துக்கொண்டே இருக்கும். இதுவோ கூடத்தின் நடுவில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பயணக் களைப்பாக இருக்கும் என்று நினைத்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் அந்த எட்டாவது மாடி வீட்டில் அவளும் செல்லாயியும் மட்டும்தான். விவாகரத்துக்குப் பிறகு வாங்கிய பெல்ஜியத்து ராட்சத முயல் அது. சில நூறு ஆண்டுகளுக்கு முன் கெண்ட் நகரத்துப் பக்கம் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் வளர்க்கத் தொடங்கிய இனம். பிறகுதான் கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போய் வீட்டுப் பிள்ளையானது. உடம்பை நீட்டிப் படுத்தால் இரண்டு வயதுக் குழந்தை அளவு இருக்கும். எட்டுக் கிலோ. சாம்பல் நிறம். தாடைக்குக் கீழே துண்டு சுற்றியதுபோல் தோல் மடிப்பு. அத்தனை பெரிய உடம்புக்குள் அப்படியொரு சாது. வெக்கை மட்டும் ஆகாது; குளிர்சாதனம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பயிற்சிக்காக மூன்று வாரம் பினாங்குக்குப் போகுமுன் அவள் அதை அக்கா தங்கமணியிடம் விட்டு, படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"ஏர்கோன மட்டும் அடைச்சிடாதேக்கா."

"தெரியும் லா. என் புள்ளைங்க மாதிரி பாத்துக்கிறேன், நீ நிம்மதியா போய்ட்டு வா."

மறுநாள் காலை வைத்த கங்கோங் கீரை வைத்தபடியே வாடிக் கிடந்தது. வைக்கோலிலும் வாய் படவில்லை. தராசில் ஏற்றிப் பார்த்தாள். பதினொரு கிலோ. காதைத் தொட்டாள். முயலின் காதில் எப்போதும் இளஞ்சூடு இருக்கும். இந்தக் காது மழையில் ஊறிய துணிபோல் சில்லென்றிருந்தது. கையை முகர்ந்தபோது ஈர மண்ணும் அழுகிய செம்பனைப் பழமும் கலந்த வாடை அடித்தது. சோப்பு போட்டும் அது போகவில்லை.

மூன்றாம் நாள் பதினாறு கிலோ.

அது நடந்து அவள் பார்க்கவே இல்லை. ஆனால் பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பினால் கூடத்தில் இருந்தது சமையலறை வாசலில் இருக்கும். குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால் கால் வைக்கும் இடத்தில் படுத்திருக்கும். நகம் தரையில் உரசும் சத்தம்கூடக் கேட்காது.

நான்காம் நாள் வேலை முடிந்து அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஐந்தரை மணிக்கே வீடு இருட்டியிருந்தது. செல்லாயியைக் காணவில்லை. படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவை அழைத்தாள்.

"அக்கா, இது செல்லாயி இல்ல."

அந்தப் பக்கம் தங்கமணி ஏதோ அறைக்குள் போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அக்கா, சொல்லு."

"மொத நாளே செத்துப்போச்சு, உஷா." தங்கமணி அழத் தொடங்கினாள். "கரண்ட் போயிருச்சு. நாங்க மேரு டவுன்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். வந்து பாத்தா வெறச்சுக் கெடந்துச்சு. பின்னால செம்பனை மரத்துக்கிட்ட பொதைச்சோம். மறுநாள் காலையில குழி மேலயே உக்காந்திருந்துச்சு. அதே நெறம், அதே கண்ணு."

"ஏன் சொல்லல?"

"உசுரோட திரும்பி வந்துச்சே, நல்லதுன்னுதான் நெனைச்சேன். அப்புறம் ரெண்டு ஆடு காணாமப் போச்சு. கட்டுன கயிறு மட்டும் கெடந்துச்சு. ஒருநாள் சின்னவ தொட்டில்கிட்ட நின்னுச்சு..."

"தெரிஞ்சேதான் என்கிட்ட குடுத்தியா?"

"எனக்குப் புள்ளைங்க இருக்கு, உஷா. உனக்குத்தான் யாரும் இல்லையே."

அக்கா அதை மிக மெதுவாக, ஆறுதல் சொல்வதுபோல் சொன்னாள். இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள். மணி அடிக்கவில்லை. மறுபடியும். அடிக்கவில்லை. சிறு வயதில் ஒரே போர்வைக்குள் படுத்த அக்கா. அழுகைகூட வரவில்லை.

வாடை.

அறைக்குள்.

கதவைச் சாத்தியது அவள்தான். உள்ளே பார்த்தாளா? பார்க்கவில்லை.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. ஜன்னல் மறைந்தது. காதுகள் கூரையில் முட்டி மடங்கின. தலை மெல்லக் குனிந்தது.

பிறகு அது, தூக்கச் சொல்லும் குழந்தைபோல், முன்னங்கால்கள் இரண்டையும் அவளை நோக்கி நீட்டியது.