‘இல்லை’ என்றால் வீட்டுக்குள் நட

மதியம் இரண்டு மணிக்கு அவரை ஸ்ட்ரெச்சரில் உருட்டிக்கொண்டு வந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாதத்துக்கு முன்னால் லிஃப்ட் குழிக்குள் விழுந்தவர். கண் திறந்திருக்கும், பார்க்காது. மூச்சு வரும், பேச்சு வராது. உள்ளே ஆளே இல்லை, குழாய் வழியாகப் போகும் உணவை நிறுத்திவிடலாம் என்று பெரிய டாக்டர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். அவர் மனைவி மட்டும் ஒற்றைக் காலில் நின்றார்.

"இருக்காரு. கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நான் இருபது வருடமாக எம்.ஆர்.ஐ. மெஷினை ஓட்டுகிறவன். சாவியை வெளியே வை, தோட்டைக் கழற்று என்று சொல்லி எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் என் பிழைப்பு. கேள்வி கேட்பது எங்கள் நரம்பியல் உளவியல் மேடம். அவர் மைக்கில் நிதானமாகச் சொன்னார்.

"நான் கேக்கறதுக்கு ஆமான்னா, பந்தடிக்கிற மாதிரி நினைச்சுக்குங்க. கையை வீசி வீசி அடிங்க. இல்லைன்னா, உங்க வீட்டுக்குள்ள நடக்கிற மாதிரி நினைச்சுக்குங்க. வாசல், ஹால், சமையலறை, மாடிப்படி, பாப்பா ரூம். போதும்னு சொன்னதும் நிறுத்திடுங்க."

பந்தடிப்பதாக நினைத்தால் மூளையின் உச்சியில் ஓர் இடம் திரையில் சிவக்கும். வீட்டுக்குள் நடப்பதாக நினைத்தால் கீழே, ஆழத்தில் வேறோர் இடம் சிவக்கும். உடம்பு அசையவே வேண்டாம்.

"உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

மெஷின் தடதடவென்று இடித்தது. உச்சி சிவந்தது.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"பையன் இருக்கானா?"

ஆழம் சிவந்தது. இல்லை. சரியான பதில்தான். அவர்களுக்கு ஒரே பெண், பன்னிரண்டு வயது; வீட்டில் வேறு யாரும் கிடையாது. காய்ச்சல் என்று அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் தனியாக இருந்தாள்.

"வலிக்குதா?"

இல்லை.

மனைவி மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "உள்ள ஒத்தையா கெடக்கறாரேன்னுதான் எனக்குத் தூக்கமே வரல மேடம். அதைக் கேளுங்க."

"தனியாவா இருக்கீங்க?"

இல்லை.

"நாங்க கூட இருக்கோம்னு தெரியுது அவருக்கு" என்றார் மனைவி. மேடம் எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை.

"கூட இருக்கறது உங்க மனைவியா?"

இல்லை.

"பாப்பாவா?"

இல்லை.

"தெரிஞ்சவங்க யாராவதா?"

இல்லை.

ஒவ்வோர் இல்லைக்கும் அந்த வீட்டை ஒரு சுற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், குகை மாதிரியான மெஷினுக்கு வெளியே, அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவை அசையவில்லை. நான் நன்றாகப் பார்த்தேன்.

"பயமா இருக்கா?" மேடத்தின் குரல் இறங்கிப்போயிருந்தது.

உச்சி சிவந்தது. இருபது வருடத்தில் நான் பார்க்காத சிவப்பு. கூடவே ஆழமும் சிவந்தது.

"போதும். ஓய்வெடுங்க."

உச்சி அணைந்தது.

ஆழம் அணையவில்லை.

யாரோ இன்னும் நடந்துகொண்டிருந்தார்கள்.

"போதும்" என்றார் மேடம் மறுபடியும். நான் மெஷினை நிறுத்தினேன், திரை இருண்டது. அதனால் என்ன பிரயோஜனம்? மெஷினுக்குப் பார்க்கத்தான் தெரியும், தடுக்கத் தெரியாது.

மனைவியின் போன் அடித்தது. மகள். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, அப்பாவைக் கூட்டிட்டு வந்துட்டியா?" ரகசியமாகக் கேட்டாள்.

"இல்லடா கண்ணு. ஏன்?"

"ஹால்ல யாரோ நடந்தாங்க. அப்புறம் சமையலறையில. இப்போ படியேறி வர்றாங்க."

மேடம் என் தோளைப் பிடித்தார். அவர் கை ஜில்லென்றிருந்தது.

"அம்மா, என் ரூம் வாசல்ல நிக்குது."

மனைவியின் முகத்தில் பயமே இல்லை. "அப்பாதான்டா. மனசெல்லாம் அங்கேயே சுத்துது அவருக்கு. நீ பயப்படாத."

வெளியே ஓடு என்று நான் கத்தியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அதற்காக இன்றுவரை என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. காய்ச்சல்கூட அன்றைக்கே இறங்கிவிட்டதாம்.

உணவை நிறுத்தும் பேச்சு அத்தோடு போயிற்று. மனைவி ஜெயித்துவிட்டார். இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம், கட்டில் அடுத்தவருக்கு வேண்டும் என்றார்கள். கிளம்புகிற நாள் காலையில் மேடம் பிடிவாதமாக இன்னொரு சோதனை வைத்தார்.

"தனியாவா இருக்கீங்க?"

ஆமாம்.

நான் மூச்சு விட்டேன். மேடம் விடவில்லை.

"பையன் இருக்கானா?"

உச்சியும் சிவக்கவில்லை, ஆழமும் சிவக்கவில்லை. மூன்று தடவை கேட்டும் திரையில் ஒன்றுமே இல்லை.

மேடம் மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இல்லைன்னு சொல்லணும்னா அந்த வீட்டுக்குள்ள போகணும். இவரு போக மாட்டேங்கறாரு."

மறுபடி மைக்கைப் போட்டார். "வீட்டுக்குப் போக பயமா இருக்கா?"

அவர் பந்தை அடித்தார். போதும் என்று சொன்ன பிறகும் அடித்துக்கொண்டே இருந்தார். அந்த மனிதருக்கு உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு பந்துதான்.

வெளியே ஆம்புலன்ஸ் பக்கத்தில் மேடம் மனைவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "வீட்டுக்குப் போக ரொம்பப் பயப்படறாரும்மா. அன்னைக்குப் பாப்பா கேட்ட சத்தம்..."

"எட்டு மாசம் கழிச்சுப் போறாரு, பயம் இருக்காதா மேடம்? எனக்கே கையும் ஓடல காலும் ஓடல." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெயித்தவரிடம் வேறென்ன சொல்ல முடியும்? அதை எழுத எங்கள் படிவத்திலும் இடம் இல்லை. ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது நானும் ஒரு கை பிடித்தேன். அவர் கண் திறந்திருந்தது.

மனைவி ஏறி உட்கார்ந்ததும் போன் வந்தது. பேசிவிட்டு எங்களைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தார்.

"பாப்பாதான். கட்டிலுக்கு விரிப்பெல்லாம் போட்டாச்சாம். ரெண்டு பேரும் வாசல்லயே காத்துக்கிட்டு நிக்கறாங்களாம்."

ரெண்டு பேரா என்று நான் கேட்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.