முப்பது உச்சி வேளை

"பன்னெண்டாம் நாள் செல்லாதுண்ணே" என்று கண்ணையன் சொன்னபோது தணிகாசலத்துக்கு முதலில் வந்தது கோபம்தான். பயமெல்லாம் பிறகு வந்தது.

"ஏன்யா செல்லாது? படத்த முழுசா பாத்தனா இல்லியா?"

"பாத்தீங்க. யாரு இல்லன்னா? ஆனா தனியா பாக்கலியே. பெஞ்சுல ரெண்டு தலை தெரிஞ்சிச்சி. கூட யாருண்ணே?"

சாரம் பகுதியில் அந்தத் தெருவில் கண்ணையனின் வீடியோ கடையும் தணிகாசலத்தின் வீடும் எதிரெதிரே. நடுவில் நாலு எட்டுத் தெருதான். தணிகாசலத்தின் வீட்டில் டிவி, தெரு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் இருந்தது. நடுவில் ஒரு பெஞ்சு. ஜன்னலின் ஒரு கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பது பந்தயத்தின் நிபந்தனை. கடையில் உட்கார்ந்து பார்த்தால் திரை வெளிச்சத்தில் பெஞ்சில் இருப்பவனின் பின்தலை நிழலாகத் தெரியும். கண்ணையன்தான் சாட்சி.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ம்பாங்க. பயப்படாம பாக்குறவன் நானு, அரளுறவன் நீயா?" என்று தணிகாசலம் சிரித்தான். கண்ணையன் சிரிக்கவில்லை. சரி, இந்த ஒரு தடவை விட்டுவிடுகிறேன் என்று மட்டும் சொன்னான்.

பந்தயத்தைத் தணிகாசலமே வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டான். அவனுக்கும் அஞ்சலாட்சிக்கும் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. மூத்தது எட்டு நாள். அடுத்தது மூன்றாம் மாதம், பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே. அதனால் இந்த மூன்றாவது பிள்ளையைப் பிறந்ததும் குப்பைமேட்டில் புரட்டி, தவிட்டுக்கு வாங்கி, மண்ணாங்கட்டி என்று பேர் வைக்க வேண்டும் என்று மாமியார் தனக்கொடி கறாராகச் சொல்லிவிட்டாள். எதற்கும் உதவாத பேர் வைத்த பிள்ளையை எதுவும் விரும்பி எடுத்துப் போகாது என்பது அவர்கள் பக்கத்து நம்பிக்கை. தணிகாசலமோ மில் சங்கக் கூட்டத்தில் பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று மைக் பிடித்துப் பேசியவன். வளைகாப்பு முடிந்து அஞ்சலாட்சியைச் சேதராப்பட்டில் தாய்வீட்டுக்கு அழைத்துப்போன அன்று, எல்லார் முன்னாலும் முடியாது என்று சொல்லிவிட்டான்.

அவளுடைய அண்ணன் ராஜாங்கம் அப்போதுதான் அதைச் சொன்னான். "அவ்ளோ தைரியமா மாப்ள? பங்குனி ஒண்ணாந் தேதியிலேர்ந்து முப்பது நாளு. நாளுக்கு ஒரு பேய்ப் படம். அதுவும் உச்சி வேளையில, தன்னந்தனியா. கடைசி வரைக்கும் ஒக்காந்து பாத்து முடிக்கிறவங்க வெக்கிறதுதான் புள்ளைக்கு பேரு. நடுவுல எழுந்து ஓடியாந்தா எங்கம்மா வெக்கிற பேரு."

"சரி மச்சான். எழுதி வெச்சிக்க."

"ஆனா ஒண்ணு. புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி பேர வாய்விட்டுச் சொல்லாத. எது காதுல வுழும்னு தெரியாது" என்றாள் தனக்கொடி. அதற்கும் அவன் சிரித்தான்.

டெக்கும் டிவியும் கண்ணையன் கொடுத்தவை. கேசட்டுகளில் பாதி, பிரான்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷனில் வந்த அவனுடைய சித்தப்பா கொண்டுவந்தவை. அவை நம்மூர்ப் பெட்டியில் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடும். பேச்சு புரியாது. அலறலுக்கு மொழி எதற்கு? ராத்திரி ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்து படுப்பவன், பதினொன்றரைக்கு எழுந்து குளித்து, மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும்போது கேசட்டைத் தள்ளுவான். வெளியே பங்குனி வெயிலில் தெரு வெறிச்சென்று கிடக்கும். காக்கை கூடக் கத்தாத நேரம். ராத்திரியில் பேய் வரும் என்பவர்களுக்குச் சேதராப்பட்டில் ஒரு பதில் உண்டு: ராத்திரிக்கு விளக்கு இருக்கிறது, உச்சி வேளைக்கு என்ன இருக்கிறது?

பதின்மூன்றாம் நாள் உட்கார்ந்தபோது, தன்னையறியாமல் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்திருப்பதைக் கவனித்தான். யாருக்கோ இடம் விட்டதுபோல. நடுவில் வந்து உட்கார்ந்தான். படத்தில் ஒரு பெண் நீளமான மாடிப்படியில் மெழுகுவத்தியோடு இறங்கிக்கொண்டிருந்தாள்; டெக் உர்ரென்று உறுமியது; ஃபேன் காற்றில் நாள்காட்டித் தாள் சுவரில் தட்டித் தட்டி அடங்கியது; இவற்றுக்கெல்லாம் அடியில், மெல்ல மெல்ல, சுட்ட வசம்பின் வாசம் எழுந்து வந்தது. பிள்ளைக்கு வயிற்று வலி வந்தால் விளக்கில் சுட்டு இழைத்துத் தடவுவார்களே, அந்தக் கருகிய வாசம். கடைசியாக அந்த வீட்டில் வசம்பு சுட்டு நாலு வருஷம் ஆகிறது. பெஞ்சின் மறுமுனை லேசாகக் கிறீச்சிட்டது. மரம் வெயிலுக்கு விரிகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு திரையையே பார்த்தான்.

மறுநாள் பெஞ்சைத் தூக்கிப் பின்கட்டில் போட்டுவிட்டு, ஒற்றை ஆள் உட்காரும் முக்காலியைப் போட்டான். இனி யார் வந்து பக்கத்தில் உட்காருகிறார்கள், பார்க்கலாம். படம் முடிந்ததும் வேண்டுமென்றே பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கடைக்குப் போனான்.

"இன்னைக்கு என்னா சொல்ற?"

கண்ணையன் கேசட்டுகளைத் துடைத்தபடியே, நிமிராமல் சொன்னான்: "இன்னைக்கி நின்னுகினு பாத்தாங்கண்ணே. ஒங்க பின்னால."

அதன்பிறகு தணிகாசலத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. மில்லில் நூல் அறுந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்று சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினான். காலையில் படுத்தால் தூக்கம் வராமல் புரண்டான். எழுந்து தண்ணீர் குடித்தான். கதவைத் திறந்து மூடினான். விட்டுத் தொலைத்துவிடலாம் என்று தோன்றும். உடனே ராஜாங்கத்தின் சிரிப்பு காதில் விழும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மண்ணாங்கட்டி என்று கூப்பிட, தன் பிள்ளை தலைகுனிந்து எழுந்து நிற்பது கண்ணில் தெரியும். அவனுக்கு அந்தக் காட்சிதான் பேயைவிடப் பெரிதாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவனுக்குப் பிள்ளை மேல் அவ்வளவு ஆசை.

இருபத்தோராம் நாள் அந்தத் தவறைச் செய்தான்.

வசம்பு வாசம் அன்று தொண்டையை அடைத்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ ஈரப் புடவையோடு நிற்பதுபோல் குளிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் பயந்ததாகிவிடும். எழுந்தால் தோற்றதாகிவிடும். தைரியத்துக்கு ஏதாவது பேச வேண்டும்போல் இருந்தது. வயிற்றிலிருக்கும் பிள்ளையிடமே பேசினான். யாரிடமும் சொல்லாமல் நாலு மாதமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த பேரைச் சொல்லி, வாய்விட்டே பேசினான்.

"எழிலா... அப்பா பயப்படல பாருடா."

திரையில் கதவு ஒன்று மெதுவாகத் திறந்தது. அவன் பிடரியில் மூச்சு பட்டது.

"எ... ழி..." என்றது ஒரு பெண் குரல். புதுச் சொல்லை எழுத்துக் கூட்டுகிறவள்போல.

படம் முடியும்வரை அவன் அசையவில்லை. வேட்டியை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் பிரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்திலும், அலறலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவே, அந்தக் குரல் பேரைச் சொல்லிப் பழகியது. முதலில் தடுமாறியது. பிறகு திருந்தியது. இருபத்தாறாம் நாள் அது பேராக இல்லை, தாலாட்டாக இருந்தது.

இருபத்தேழாம் நாள் காலை ராஜாங்கம் சைக்கிளில் வந்தான். "ஆம்பளப் புள்ள மாப்ள! தாயும் புள்ளயும் சொகம். இன்னும் நாலு படந்தானே? நீயே ஜெயிச்சிடுவ போல இருக்கு" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். தணிகாசலம் அழுதுவிட்டான். சந்தோஷம் என்று ராஜாங்கம் நினைத்துக்கொண்டான்.

முப்பதாம் நாள்.

கடைசிப் படம். கறுப்பு வெள்ளை. முக்கால்வாசி ஓடியிருக்கும். ஒரு சுரங்க அறையில் விளக்கு அணைந்தது. திரை முழுக்க இருட்டு. சத்தமே இல்லை.

இருண்ட கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. அவன் தோளுக்கு மேலே ஒருத்தி.

முகம் தெரியவில்லை. முடி ஈரமாகத் தொங்கியது. இரண்டு கைகளையும் மார்போடு மடித்து ஏந்தியிருந்தாள். கை வெறுமை. அந்த வெறும் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.

தூங்க வைக்கிறாள்.

முக்காலி கவிழ்ந்தது. கதவு. தெரு. வெயில். செருப்பு இல்லாமல் ஓடினான்.

சேதராப்பட்டில் மாமியாரின் காலில் விழாத குறையாக, "மண்ணாங்கட்டின்னே வையுங்க அத்த. நான் தோத்துட்டன். இன்னைக்கே வையுங்க" என்று கெஞ்சினான். ராஜாங்கம் கேலி செய்ய வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரி எடுத்தாள். ஒரு முறம் தவிடு கொடுத்து அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். "மண்ணாங்கட்டி, மண்ணாங்கட்டி, மண்ணாங்கட்டி" என்று தனக்கொடி பிள்ளையின் காதில் மூன்று தரம் சொன்னாள். தணிகாசலம் நாலாவது தரமும் சொன்னான்.

எழிலன் என்ற பேரை அவன் அஞ்சலாட்சியிடம் கூடச் சொல்லவில்லை. சேதராப்பட்டிலிருந்தே மில்லுக்குப் போய் வந்தான். மூன்றாம் மாதம் வந்தது. தினமும் ராத்திரி பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சைப் பார்த்தான். மூன்றாம் மாதமும் போனது. பிள்ளை கொழுகொழுவென்று வளர்ந்தது. கூப்பிட்டால் மட்டும் திரும்பாது. மண்ணாங்கட்டி என்று எத்தனை தரம் கூப்பிட்டாலும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். இந்தப் பேரைச் சொன்னால் எந்தப் பிள்ளைதான் திரும்பும் என்று அஞ்சலாட்சி சிரிப்பாள்.

ரெட்டியார்பாளையத்தில் வேறு வீடு பார்த்து முன்பணம் கொடுத்தான். சாரத்து வீட்டில் பாத்திரமும் டிரங்குப் பெட்டியும்தான் பாக்கி. காலையிலேயே போய் எடுத்துவரத்தான் கிளம்பினார்கள்; நடுவழியில் பஸ் பஞ்சர். தெருவுக்குள் நுழையும்போது மில் சங்கு ஊதியது.

பிள்ளையைத் தோளில் போட்டிருந்த அஞ்சலாட்சியைக் கடை நிழலிலேயே நிறுத்தினான். வீட்டுக் கதவில் பூட்டு அப்படியே இருந்தது. ஜன்னலின் ஒரு கதவு திறந்திருந்தது. அன்று அவன் ஓடியபோது விட்டது. உள்ளே இருட்டு.

"வாங்கண்ணே" என்றான் கண்ணையன். குரல் தாழ்ந்திருந்தது. "மறுநாளு டிவி பெட்டிய எடுத்துட்டு, கதவப் பூட்டி ஒங்களுக்கு சாவிய அனுப்பனதோட சரி. அதுக்கப்புறம் போகல. ஒண்ணு சொல்லணும்னு இருந்தன். அன்னைக்கி நீங்க ஓடிட்டீங்க. படம் ஓடிக்கினேதான் இருந்திச்சி."

"சரி, அதுக்கென்ன?"

"அவங்க எழுந்திருக்கல. கவுந்த முக்காலிய நிமுத்திப் போட்டு ஒக்காந்தாங்க. கடைசி வரைக்கும் பாத்து முடிச்சிட்டுதான்..."

கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்து முடிக்கிறவங்க வைக்கிறதுதான் பேரு. ராஜாங்கம் அன்று நீ என்று சொல்லவில்லை. பார்த்து முடிக்கிறவங்க என்றுதான் சொன்னான்.

தணிகாசலம் சாவியை மறுபடி மடியில் செருகினான்.

தெரு வெறிச்சென்று கிடந்தது. வசம்பு வாசம் வந்தது. ஜன்னல் இருட்டுக்குள்ளிருந்து, தடுமாற்றம் இல்லாமல், பெற்றவளின் உரிமையோடு ஒரு குரல் கூப்பிட்டது.

"ஏங்க" என்றாள் அஞ்சலாட்சி. "பூட்டுன ஊட்டுக்குள்ள யாருங்க அது? எழிலாங்கறது யாரு?"

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் தோளில் பிள்ளை தலையைத் தூக்கியிருந்தது. முதன்முதலாகத் தன் பேரைக் கேட்ட பிள்ளை ஜன்னலைப் பார்த்து, பொக்கை வாய் கொள்ளாமல் சிரித்து, இரண்டு கையையும் நீட்டியது.