கேட்பாரற்ற நிழல்

அந்தச் சுவர் மட்டும் காயவில்லை. மலையுச்சிக் கோட்டையைப் புதுப்பித்து, கொடியேற்றி, ஆட்களை உள்ளே விட்டாகிவிட்டது. முற்றத்துக் கற்கள் ஜூலை வெயிலில் செருப்பைத் தாண்டிச் சுட்டுக்கொண்டிருக்க, வடக்குக் கோபுரத்தின் அடிச்சுவர் மட்டும் காய்ச்சல்காரன் முதுகைப்போல வேர்த்து, ஈரச் சுண்ணாம்பு வாடையும் அதற்கடியில் பழைய கிணற்று வாடையுமாக நின்றது. சவீனா கையை வைத்துப் பார்த்தாள். சுவர் வெதுவெதுவென்று இருந்தது. எத்தனை தடவை கட்டினாலும் இது விரிசல் விடுகிறது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

"என்னம்மா, சுவத்தோட என்ன பேச்சு? உங்க மலைக்காட்டுப் பேய் எதாவது குசலம் விசாரிக்குதா?" என்று சிரித்தார் யூஜேனியா அம்மாள். மகன் ஹோரியா கட்டிக்கொள்ளப் போகும் இவளைப் பார்க்கவென்றே தலைநகர் புக்கரெஸ்டிலிருந்து வந்திருந்தார்.

சவீனாவும் சிரித்து வைத்தாள். தனக்குக் கூடப்பிறந்தவர் யாருமில்லை என்று ஹோரியாவிடமும் அவரிடமும் சொல்லியிருந்தாள். அண்ணன் கவ்ரில் இதே கோட்டையில்தான் சாந்து குழைக்கிறான். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கொத்தனும் கரண்டியைத் தொடமாட்டான் என்ற தைரியத்தில்தான் இவரைக் கூட்டி வந்தாள்.

ஆனால் கரண்டிச் சத்தம் கேட்டது. கல்லில் இரும்பு உரசும் சத்தம், ஈரச் சாந்து தொட்டியில் சொத்தென்று விழும் சத்தம். கோபுரத்தின் மறுபக்கத்திலிருந்து கொத்தனார்கள் வந்தார்கள். யாரும் பாடவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. நடுவில் கவ்ரில், தலையெல்லாம் சுண்ணாம்பு. அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. ஐயோ, பல் விழுந்த அந்தச் சிரிப்பு!

தொட்டியை இறக்கிவைக்க அவன் குனிந்தான். பின்னாலிருந்து மேஸ்திரி ப்ரிகோர் ஒரு நாணல் குச்சியை அவன் நிழலின்மேல், தலையிலிருந்து கால்வரை, நீட்டி வைத்தார்.

சவீனாவுக்குப் புரிந்துவிட்டது. இந்த மலையில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டாம். நிற்காத சுவருக்கு ஓர் ஆளின் நிழலை அளந்து உள்ளே வைத்துப் பூசுவார்கள். அதற்குப் பிறகு சுவர் நிற்கும், ஆள் பழைய ஆளாக இருக்கமாட்டான். குச்சி படிந்த நிழலை அவனாலேயே மீட்க முடியாது. சொந்தக்காரர் ஒருவர் 'எங்க ஆள்' என்று சொன்னால் போதும், குச்சியை எடுத்தாக வேண்டும். அதற்காக மேஸ்திரி மூன்று முறை கேட்பார்; பூசிய பிறகு சொல்லிப் பயனில்லை.

"இந்த நிழலுக்கு ஆள் இருக்கா?"

கவ்ரில் நிமிர்ந்தான். குச்சியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவன் பயப்படவே இல்லை. தங்கச்சிதான் நிற்கிறாளே.

"சீ, வெங்காய நாத்தம்! ஏம்மா, அவன் உன்னையே பாக்குறானே, தெரிஞ்சவனா?" என்று மூக்கைப் பொத்தினார் யூஜேனியா.

காதுமடல் எரிந்தது. மூடநம்பிக்கை, வெறும் மூடநம்பிக்கை என்று சவீனா தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"இல்ல அத்தை. யாரோ வேலையாள்."

"இந்த நிழலுக்கு ஆள் இருக்கா?"

"சவீ?" என்றான் கவ்ரில் மெதுவாக. சிரிப்பு இன்னும் போகவில்லை.

அவள் தன் செருப்பைப் பார்த்தாள். வெட்கம். அவனை நினைத்து வெட்கம். தன்னை நினைத்து அதைவிட வெட்கம்.

"ஆள் இருக்கா?"

காற்று நின்றது. ப்ரிகோர் குச்சியை ஒடித்தார். விரிசலுக்குள் செருகினார். ஒரு கரண்டி சாந்து. இன்னொன்று. சுவர் அதை உறிஞ்சியது. கண்ணெதிரே வெளுத்தது. காய்ந்தது.

"என் அண்ணன்!" சவீனா ஓடினாள். "அத்தை, இவர் என் அண்ணன்! கூடப்பிறந்த அண்ணன்! பொய் சொல்லிட்டேன்! எங்க ஆளு, மேஸ்திரி, எங்க ஆளு!"

ப்ரிகோர் தலை குனிந்துகொண்டார். கவ்ரில் கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாக விலகினான்.

"யாரும்மா நீங்க? எனக்குத் தங்கச்சின்னு யாரும் கிடையாதே."

வெயிலில் எல்லார் காலடியிலும் நிழல் விழுந்திருந்தது. அவன் காலடியில் வெறும் கல்.

காய்ந்த சுவரில் ஒரு நிழல் இருந்தது. அதன் எதிரே ஆள் யாருமில்லை. கையை நீட்டிக்கொண்டு அது சுவரோடு சுவராக அவள் பக்கம் ஓடி வந்தது. மூலைவரை வந்தது. அதற்கு மேல் வரமுடியவில்லை. திரும்பி ஓடியது. மறுபடி வந்தது. உள்ளிருந்து யாரோ அழுத்துவதுபோல, புதுப்பூச்சு ஐந்து விரலாகப் புடைத்தது.

"சவீ, இங்க உள்ள 'ஆள் இருக்கா'ன்னு இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான் யாருன்னு சொல்லு, சவீ."