வாஷிங்டனும் ஒரு வாளி மண்ணும்

சித்தப்பாவின் பச்சைக் குடை என்று நினைத்துத்தான் சுவர்ணா உள்ளே புகுந்தாள். நிமிர்ந்தால்... சித்தப்பாவின் மீசை இல்லை. மழைத்துளி தங்கிய இமைகள். சிரிப்பை அடக்கப் பாடுபடும் இரண்டு கண்கள்.

"நில்லுங்கோ, நனையாதேங்கோ. நான்தான் உங்கட கைட், பிரவீணன்."

பொஸ்டனிலிருந்து வந்த சித்தப்பா குடும்பத்துக்கு லண்டனில் இருக்கும் அமெரிக்க வரலாற்றைக் காட்ட, அப்பா வாமதேவன் ஏற்பாடு செய்த சுற்றுலா. முதல் இடம், டிரபால்கர் சதுக்கத்து வாஷிங்டன் சிலை. பிரிட்டனோடு போரிட்ட அவர், லண்டன் மண்ணை ஒருநாளும் மிதியேன் என்றாராம். அதனால் சிலைக்கடியில் அவருடைய வர்ஜீனியா மண்ணையே போட்டார்களாம். வெறும் கதைதான் என்று பிரவீணனே சொன்னான்.

"எங்கட அப்பா மாதிரி வீம்பு," என்று முணுமுணுத்தாள் சுவர்ணா.

"மகளுக்கும் கொஞ்சம் இருக்குப் போல..."

முறைத்தாள். ஆனால் குடையை விட்டு நகரவில்லை.

கோடை முழுக்கப் பேசினார்கள். ஒருநாள் தேம்ஸ் கரையில் அவன் மனதைச் சொன்னான். அப்பா சம்மதித்தால்தான் பதில் என்றாள் அவள்.

அப்பா விசாரித்தார். ஹரோவில் இருக்கும் நித்தியானந்தனின் மகன்! பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கோயில் திருவிழாவில், தனக்கு வரவேண்டிய முதல் மரியாதையான காளாஞ்சித் தட்டு நித்தியானந்தனுக்குப் போனதால், அவர் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் போட்டவர் வாமதேவன்.

"பெடியன் நல்லவன்தான். ஆனா சம்பந்தம் பேச நான் அந்த வாசல் மிதிக்கோணும். அது ஏலாது."

சுவர்ணா கெஞ்சவில்லை. 'அப்பா உங்கட வாசல் மிதிக்கமாட்டாராம், இனி வேண்டாம்' என்று அவனுக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு, அறைக் கதவைச் சாத்தினாள். தலையணை மட்டும் நனைந்தது...

சனிக்கிழமை. குட்மேய்ஸில் வாமதேவன் வீட்டின் அழைப்புமணி. வெளியே தூறலில் பிரவீணன், ஒரு கையில் அதே பச்சைக் குடை, மறு கையில் வெறும் வாளி.

"அங்கிள், உங்கட தோட்டத்து மண் கொஞ்சம் தாங்கோ. எங்கட வாசல்ல பரப்பப் போறன். நீங்கள் வந்தா உங்கட மண்ணிலதான் நிப்பியள்."

வாமதேவன் அவனையே பார்த்தார். மெல்லச் செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார்.

"அதில கிண்டாதையும், வெறும் களிமண்," என்று, யாரையும் தொடவிடாத தன் கறிவேப்பிலைத் தொட்டியைக் காட்டினார். "இதில எடும். ஒரு வாளி காணாது... இவளின்ர அம்மாவும் வருவா."

சுவர்ணா மழையில் இறங்கி, நேரே பச்சைக் குடைக்குள் போய் நின்றாள்.

"இந்தமுறை குடை மாறேல்லை," என்றாள், அவன் கண்களைப் பார்த்து. "எனக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்கு."